நியூ ஜெர்சியில் தோரா ஓத ஆள் பிடித்தவள்

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுத்து, மேடையேற்றிவிட்டு, பக்கத்தில் நின்று தானும் உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும் தொழில் இருக்கிறதே, அதை என் விரோதிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பேச்சுப் போட்டிக்கும் ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகளைத் தயார் பண்ணி அனுப்பிவிட்டு மேடை ஓரத்தில் நின்ற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஒரே வித்தியாசம், நான் தயார் பண்ணியது யூதக் கோயிலில் பண்டிகை நாளில் தோரா ஓதுவதற்கு. என் பிள்ளைகளும் பிள்ளைகள் இல்லை, இருபதைத் தாண்டிய தடியர்கள்.

தோரா யூதர்களின் வேதம். தோல் சுருளில் ஹீப்ரூ மொழியில் கையால் எழுதியிருக்கும். அதில் உயிர் ஒலிகளுக்கு அடையாளம் கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது, எங்கே ஏற்றுவது எங்கே இறக்குவது என்ற ராகக் குறிப்பும் கிடையாது. எல்லாம் வாசிக்கிறவர் மண்டையில் இருக்க வேண்டும். சுருளைக் கையால் தொடக் கூடாது, வெள்ளிக் குச்சியால் வரியைக் காட்டிக்கொண்டே பாட வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர், குறிப்பெல்லாம் அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் கோயில் வழக்கப்படி, தப்பு வந்தால் வலது பக்கம் நிற்பவர் சபை கேட்க உரக்கத் திருத்துவார். வாசிக்கிறவர் திரும்பி வந்து சரியாகச் சொல்லியே ஆக வேண்டும். தயங்கி நின்றால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பதும் வலது பக்கத்தின் வேலைதான். இடது பக்கம் நிற்பது நான். ஒரு தமிழ் வீட்டைத் தவிர, இனி வரும் பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது, என் தமிழில் தருகிறேன்.

பொள்ளாச்சி எந்தப் பக்கம்?

நான் பொள்ளாச்சிக்காரி, பெயர் சுதா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்க்குக்கு கம்ப்யூட்டர் காண்ட்ராக்டில் வந்தேன். கூட வேலை பார்த்த டேவிட்டைக் கல்யாணம் செய்துகொண்டேன். மதம் மாறியது அவன் கேட்டு அல்ல, அவன் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். ஒரு சனிக்கிழமை அவன் அம்மாவுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தேன். தோரா ஓதும் சத்தம் காதில் விழுந்தது. ஸ்கூலில் தேவாரப் போட்டிக்கெல்லாம் போனவள் நான். இதைக் கற்றுக்கொள்ளாமல் விடக் கூடாது என்று தோன்றிவிட்டது. ஓதக் கற்றுக்கொள்ளப் போய் மற்றதெல்லாம் பிடித்துப்போனது. ஒரு வருஷத்துக்கு மேல் படித்தேன், மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன், சடங்குக் குளத்தில் முங்கி எழுந்தேன், யூதப் பெண் ஆனேன். இதற்கு மேல் விளக்கம் வேண்டுகிறவர்கள் என் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளட்டும், அவளுக்கு எல்லாம் விளக்கியாகிவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவரிடம் பழைய கதையைக் கிளறக் கூடாது என்று எங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் அது பாட்டுக்கு இருக்கிறது, கேள்வியும் அது பாட்டுக்கு வருகிறது. ஒரு விசேஷத்துக்கு வந்திருந்த விருந்தாளி, நான் ஓதி முடித்ததும் காபி மேஜை அருகே பிடித்துக்கொண்டார். “பார்த்தா யூதப் பொண்ணு மாதிரி தெரியலையே” என்றார். “உங்களைப் பார்த்தாலும் பொள்ளாச்சிக்காரர் மாதிரி தெரியலைங்க” என்றேன். மனிதர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. கேக்கை மென்றுகொண்டே யோசித்துவிட்டுக் கேட்டார்: “அது இஸ்ரேல்ல எந்தப் பக்கம்? வடக்கா, தெற்கா?”

ஒரு வருஷம் பார்ப்போம்

எங்கள் கோயிலில் பண்டிகைக்கு வழக்கமாக ஓதிவந்தவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார். இன்னொருவரைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்றது சடங்குக் கமிட்டி. கமிட்டித் தலைவர் மார்ட்டி, ரிட்டயர் ஆன பல் டாக்டர். வலது பக்கம் நிற்பவரும் அவரேதான். பல் பிடுங்கிப் பழகிய கை, தப்பையும் அப்படித்தான் பிடுங்குவார். நான் எழுந்து சொன்னேன்: “நம்ம கோயில்ல வளர்ந்த பசங்க இத்தனை பேர் இருக்காங்க. பதிமூணு வயசுல ஒரு தடவை மேடையேத்தி, ஃபோட்டோ எடுத்து, கைகுலுக்கி அனுப்பிட்டோம். அப்புறம் ஒருத்தரும் கூப்பிடல. கூப்பிட்டா வருவாங்க. நான் சொல்லிக்கொடுக்கறேன்.”

மூன்று பேரைப் பிடித்தேன். சட்டக் கல்லூரியில் படிக்கும் மைக். மன்ஹாட்டனில் வேலை பார்க்கும் ரெபெக்கா. என் ஆபீஸிலேயே பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் ஜோஷ். ஆளுக்கு ஒரு கேசட்டில் நான் பாடிப் பதிந்து கொடுத்தேன். மார்ட்டி சம்மதித்தார், ஆனால் கையோடு நிபந்தனையும் வைத்தார்: “நம்ம வருஷப் பிறப்புலேர்ந்து பத்தாம் நாள் பட்டினி வரைக்கும் பார்ப்போம். வாசிக்கிற மேஜையில சிக்கல் வந்தா அடுத்த வருஷம் சம்பள ஆள்தான். பசங்க கீழே உக்காந்து கேட்டுக்கட்டும்.”

ரயிலில் ஒரு விமர்சகர்

ரெபெக்காவுக்குப் பயிற்சி செய்ய நேரம் கிடைப்பது காலை ரயிலில்தான். ஜர்னல் ஸ்கொயரில் ஏறுவாள், வாக்மேனைக் காதில் மாட்டுவாள், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். காதில் மாட்டியிருப்பவருக்குத் தன் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பது தெரியாது. முதல் வாரம் பக்கத்து சீட் காலியாகவே வந்ததாம். “அசிங்கமா இருக்கு, இனிமே வீட்டுலயே பாடிக்கறேன்” என்று என்னிடம் வந்து நின்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரயிலில் செல்ஃபோனில் சண்டை போடுகிறார்கள், நகம் வெட்டுகிறார்கள், பர்கரைப் பிரித்து வண்டி முழுக்க வெங்காய வாசனை பரப்புகிறார்கள். வேதம் சொன்னால் மட்டும் அசிங்கமா? இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடு என்று அனுப்பிவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, எதிர் சீட்டில் தினமும் பேப்பர் படித்துக்கொண்டு வரும் ஒரு பெரியவர் அவள் முழங்காலைப் பேப்பரால் தட்டினாராம். கட்டட வேலைத் தொப்பி, கையில் டிபன் பெட்டி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. ஹீப்ரூவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கம்ப்ளெயின்ட் பண்ணப்போகிறார் என்று ரெபெக்கா பயந்துபோய் வாக்மேனைக் கழற்றியிருக்கிறாள். அவர் சொன்னது: “ஏம்மா, நேத்தெல்லாம் அந்த இடத்துல கீழே இறக்கினே, இன்னிக்கு மேலே போறியே? நேத்து பாடினதுதான் நல்லாருந்தது.” கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். நேற்று பாடியதுதான் சரி.

வருஷப் பிறப்பில் சனிக்கிழமை

தோராவுக்கு ஆண்டு முழுக்க ஒரு ராகம், ரோஷ் ஹஷானா என்னும் வருஷப் பிறப்புக் காலைக்கு வேறு ராகம். சொற்கள் ஒரே மாதிரி இருக்கலாம், பாடும் விதம் மாறிவிடும். இதை நான் மைக்குக்குச் சொல்லாமல் இல்லை. கேசட்டும் கொடுத்தேன். அவன் அந்தக் கேசட்டைக் காரில் வெயிலில் விட்டு உருக்கிவிட்டான். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தன் பதிமூன்றாவது வயதில் படித்த ராகத்தை வைத்தே முழுப் பகுதியையும் நெட்டுருப் போட்டுவிட்டான். நான் கேட்டபோதெல்லாம் “ரெடி, ரெடி” என்றான். நானும் முழுதாகப் பாடச்சொல்லிக் கேட்கவில்லை.

வருஷப் பிறப்புக் காலை. வெள்ளை உடுத்திய சபை, நிற்க இடமில்லை. மைக் வாயைத் திறந்தான், சனிக்கிழமை ராகம் வந்தது. மார்ட்டியின் கழுத்து சிவப்பதை நான் இடது பக்கத்திலிருந்தே பார்த்தேன். ஆனால் அவர் வாயைத் திறக்க வழியில்லை. சொல் தப்பினால்தான் திருத்தலாம், ராகம் தப்பினால் திருத்தச் சட்டம் இல்லை. மைக் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. முடிந்ததும் மார்ட்டி என்னை ஓரம் கட்டினார். “இது சிக்கல் இல்லையா?” என்றார். “சிக்கல்னா திருத்தியிருப்பீங்களே, ஏன் திருத்தல?” என்றேன். முன்வரிசையில் எப்போதும் உட்காரும் பேர்ல் பாட்டி மட்டும் மைக்கின் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னாள்: “ரொம்ப நல்லாருந்ததுடா ராஜா. பண்டிகையே இல்லாத மாதிரி நிம்மதியா இருந்தது.”

சரோஜா ஆன்ட்டி வீட்டுக் கொலு

எங்கள் வருஷப் பிறப்பும் நவராத்திரியும் பெரும்பாலும் ஒரே அமாவாசையை ஒட்டித்தான் வரும். நியூ ஜெர்சியிலேயே எடிசனில் இருக்கும் சரோஜா ஆன்ட்டி கரூர்க்காரர், எங்கள் வீட்டுக்கு உறவு மாதிரி. நான் மாறிய பிறகு இங்கிருக்கும் தமிழர்களில் பாதிப் பேர் என்னை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆன்ட்டி நிறுத்தவில்லை. நானும் ஒளிக்கவில்லை. “கும்பிட வரல ஆன்ட்டி, சுண்டலுக்கு வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். போன இடத்தில் வழக்கம்போல “ஒரு பாட்டு பாடு” என்றார்கள். அம்மன் பாட்டு இனி நான் பாடுவதில்லை. அதற்காகத் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லவும் மனசில்லை. மைக் வாசித்த அதே பகுதியை, சரியான ராகத்தில், ஹீப்ரூவில் பாடினேன்.

பட்டுப் புடவைகளெல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேபோய்விட்டார். ஆன்ட்டி மட்டும் அர்த்தம் கேட்டார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண், கையில் பிள்ளையோடு பாலைவனத்தில் அலைகிறாள், தண்ணீர் தீர்ந்துவிடுகிறது, பிள்ளை சாவதைப் பார்க்கச் சகிக்காமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள், அப்போது கடவுள் அவளுக்குக் கிணற்றைக் காட்டுகிறார் என்றேன். ஆன்ட்டி இன்னொரு கரண்டி சுண்டலை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: “இன்னொருக்கா பாடு கண்ணு. சாமி பேரு வர்ற இடத்துல மட்டும் கண்ணைக் காட்டு, கன்னத்துல போட்டுக்கறேன்.”

ஜோஷ் கேட்ட பகுதி

யோம் கிப்பூர் என்பது பாவமன்னிப்பு கேட்கும் நாள். தண்ணீர்கூடக் கிடையாது, முழுப் பட்டினி. அன்று பிற்பகலில் ஓதுவது, யார் யாரோடு உறவு கொள்ளக் கூடாது என்று வரிசையாகச் சொல்லும் பகுதி. ஆணோடு ஆண் சேர்வது அருவருப்பு என்று சொல்லும் வரி அதில்தான் இருக்கிறது. சில கோயில்களில் அந்தப் பகுதியையே மாற்றிவிட்டார்கள், எங்கள் கோயிலில் மாற்றவில்லை. ஜோஷ் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். தனக்குப் பெண்கள்மீது நாட்டமில்லை என்று முந்தின வருஷமே அவன் அப்பா அம்மாவிடமும் கோயிலிலும் சொல்லியிருந்தான். யாரும் திட்டவில்லை. தலையாட்டிவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்று பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அவனுக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம். ஏன் இதைக் கேட்கிறாய் என்றதற்கு ஜோஷ் சொன்னான்: “பதினாலு வயசுல அந்த வரி வரும்போதெல்லாம் பாத்ரூம்ல போய் நிப்பேன். இவ்வளவு வருஷம் நான் இல்லாதப்போ வாசிச்சாங்க. இப்ப இருக்கும்போது வாசிக்கட்டும். நானே வாசிக்கறேன்.”

வருஷப் பிறப்பு முடிந்த வாரத்தில் விஷயம் மார்ட்டி காதுக்குப் போனது. கமிட்டி கூடியது. “அவன்கிட்டேர்ந்து அதை வாங்கி வேற யாருக்காவது குடு” என்றார் மார்ட்டி. “அந்த வரி வரும்போது எல்லாரும் அவனைத்தான் பார்ப்பாங்க. அவனுக்குத்தான் கஷ்டம். குடுக்கலேன்னா இந்த ஏற்பாடே இந்த வருஷத்தோட சரி.” எனக்கு ரத்தம் கொதித்தது. “அவனுக்குக் கஷ்டம்னு அவன் சொல்லட்டும்” என்றேன். “அப்படிக் கஷ்டம்னா பகுதியை மாத்துங்க. வாசிக்கிற ஆளை மாத்தாதீங்க.” மார்ட்டி புத்தகத்தைத் தட்டினார். “எழுதியிருக்கிறதை வாசிக்கறோம், அவ்வளவுதான் சுதா. இதுல யாரைப் பத்தியும் இல்ல.” யாரைப் பற்றியும் இல்லையென்றால் ஜோஷ் வாசித்தால் மட்டும் என்ன என்று கேட்டேன்.

மைக்கும் ரெபெக்காவும் வாசலில் காத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் ரெபெக்கா உள்ளே நுழைந்துவிட்டாள். யோம் கிப்பூர் காலைப் பகுதிகள் முழுக்க அவளும் மைக்கும்தான் ஓத வேண்டும். பட்டினி நாளுக்கு இன்னும் சில நாளே பாக்கி, அந்த நேரத்தில் நாடு முழுக்கத் தேடினாலும் சம்பள ஆள் கிடைக்க மாட்டான். கமிட்டிக்கே அது தெரியும். அவள் மேஜைமுன் நின்று நிதானமாகச் சொன்னாள்: “ஜோஷ் வாசிச்சா நாங்களும் வாசிக்கறோம். இல்லேன்னா காலையிலேர்ந்து நீங்களே பாடிக்குங்க. கேசட் வேணும்னா தர்றேன்.”

பட்டினி நாளின் பிற்பகல்

வழக்கமாக அந்த நேரத்தில் சபை பாதி காலியாக இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சுருண்டு படுத்துவிட்டுச் சாயங்காலம் வருவார்கள். அன்று யாரும் போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், துணை நிற்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஜோஷின் அப்பா அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தோல் செருப்பு கூடாத நாள் என்பதால் மார்ட்டி கோட்டுக்கும் டைக்கும் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வலது பக்கம் நின்றார். நான் இடது பக்கம்.

ஜோஷ் ஆரம்பித்தான். குரல் தெளிவாக வந்தது. அந்த வரிக்கு முந்தின வரியை முடித்தான், நின்றான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன். மூச்சு வாங்கியும் ஆயிற்று, அவன் தொடங்கவில்லை. குச்சி அந்த வரியின் முதல் சொல்லில் அப்படியே இருந்தது. தலையை மெல்லத் திருப்பி வலது பக்கம் பார்த்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான் அந்த வரியை. அவன் மறக்கவில்லை. வாசிக்கிறவன் நின்றால் எடுத்துக் கொடுக்க வேண்டியவர் மார்ட்டி. அந்தச் சொற்களை அவன் முகத்தைப் பார்த்து, ஒரு முழம் தள்ளி நின்று, சபை கேட்க அவர் சொல்ல வேண்டும்.

மார்ட்டியின் விரல் புத்தகத்தில் சரியான இடத்தில்தான் இருந்தது. உதடு திறந்தது, சத்தம் வரவில்லை. மூடினார், மறுபடி திறந்தார். அந்தப் பையனுக்குப் பால்பல் பிடுங்கியதே அவர்தான். நான் நினைத்திருந்தால் இடது பக்கத்திலிருந்து சொல்லி முடித்து வைத்திருக்கலாம். சொல்லவில்லை. மார்ட்டியைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அதைவிட, நிற்கட்டும் என்று இருந்தது. மார்ட்டி தலையைக் குனிந்துகொண்டார். ஜோஷ் திரும்பி, அந்த வரியைத் தானே வாசித்தான். ஓடவில்லை, முணுமுணுக்கவில்லை, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் அதனதன் இடத்தில் வைத்தான். அடுத்த வரிக்குப் போனான், முடித்தான். ஒரு தப்பு இல்லை. என் கண் நிறைந்துவிட்டது, புத்தகத்தில் எழுத்து தெரியவில்லை.

முடிந்ததும் வாசித்தவரின் கையைக் குலுக்குவது வழக்கம். மார்ட்டி கையை நீட்டி, “மறந்துட்டியோன்னு பார்த்தேன்” என்றார். ஜோஷ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே, “இல்ல. நீங்க சொல்லிக் கேக்கலாம்னு நின்னேன்” என்றான்.

அடுத்த கூட்டத்தில் யாரோ ஒருவர், மேஜையில் சிக்கல் வந்ததே, அவன் நடுவில் நின்றானே, அடுத்த வருஷத்துக்குச் சம்பள ஆளைப் பார்க்கலாமா என்று ஆரம்பித்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். எனக்கு வேலை வைக்காமல் மார்ட்டி எழுந்தார். இன்றுவரை அந்த வரியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியாது, அன்றும் அவர் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: “பசங்க யாரும் தப்புப் பண்ணல. எடுத்துக் குடுக்க வேண்டிய இடத்துல வாயைத் திறக்காம நின்னது நான். ஆளை மாத்தணும்னா என்னை மாத்துங்க.”

வாசிக்கிறவர்களுக்குக் கேசட் போட்டுக் கொடுத்துத் தயார் பண்ணிவிடலாம், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் இன்னும் யாரும் கேசட் போடவில்லை.